கடைசி நேரத்தில் பதில் கேட்காதீர்கள்

சாகக் கிடக்கிற மனிதரிடம் போய் "நம்புகிறீர்களா, ஏற்றுக்கொள்கிறீர்களா" என்று கேட்கிற பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். கிறிஸ்தவ சபைக்காரர்களை மட்டும் சொல்லவில்லை. வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே "முருகா சொல்லுங்க, முருகா சொல்லுங்க" என்று காதில் கத்துகிற நம் கோயில் ஆட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இலங்கை மலையகத்துத் தோட்டங்களில் லயம் என்கிற வரிசை வீடுகள்தான். ஒரே லயத்தில் ஒரு காம்பிராவில், அதாவது ஒரு அறையில், மாரியம்மன் படம், அடுத்த காம்பிராவில் வேத வசனம் போட்ட காலண்டர். என் பெரியப்பா வீட்டில் இரண்டும் ஒரே சுவரில் இருந்தன. பெரியண்ணன் ஹட்டனில் சபைக்குப் போகிறவர், சின்னண்ணன் தோட்டத்துக் கோயில் கமிட்டியில் இருப்பவர். பெரியப்பாவோ காமன் கூத்தில் பல வருடம் ரதி வேஷம் கட்டியவர். மாசியில் சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரித்த பிறகு ரதியின் ஒப்பாரியை அவர் எடுத்தால், பார்க்க வந்த பெண்கள் தங்கள் வீட்டுச் சாவுகளையெல்லாம் நினைத்து அழுவார்கள், அப்புறம் காமனை எழுப்பும்போது அதே சனம்தான் குலவை போடும். செத்தவன் எழும்புவான் என்பதை அவருக்கு யாரும் படித்துக் கொடுக்கவில்லை, ஆடி ஆடியே அது அவருக்குள் இறங்கியிருந்தது.

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பாஸ்டர் வந்தார், நல்ல மனிதர், கையைப் பிடித்து ஜெபித்துவிட்டு "இயேசுவை ஏத்துக்கிறீங்களா ஐயா" என்று கேட்டார். பெரியப்பா தலையாட்டினார். சாயங்காலம் சின்னண்ணன் திருநீறு பூசி "அம்மாளை நினைச்சுக்கிட்டீங்களாப்பா" என்றார். அதற்கும் ஆட்டினார். எந்தத் தலையாட்டல் செல்லும் என்று இரண்டு பேருக்கும் கட்டில் பக்கத்திலேயே சண்டை. அவருக்குக் காது நன்றாகக் கேட்டது. அன்றிரவு என்னிடம் அவர் கேட்டது மோட்சத்தைப் பற்றியல்ல. "ரெண்டு பேரும் சேந்து தூக்குவானுங்களாடா?" என்றுதான்.

கீதையின் 8ஆம் அத்தியாயத்தில், கடைசியில் எதை நினைத்து உடலை விடுகிறோமோ அதையே அடைகிறோம் என்று வருகிறது, காதில் கத்துவதற்கு இதைத்தான் காரணம் காட்டுகிறார்கள். அதற்கு அடுத்த சுலோகமே, ஆகையால் எல்லாக் காலத்திலும் என்னை நினை என்கிறதே, அதை ஏன் விட்டுவிடுகிறோம்? பெரியாழ்வார் இன்னும் வெளிப்படையாகவே பாடிவிட்டார், இளைத்துப்போய்க் கிடக்கும்போது உன்னை நினைக்க என்னால் முடியாது, அதனால் "அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்" என்று. பெருமாள் மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை, சாகும் நேரத்துத் தன் மனசு மேல்தான் சந்தேகம். வேதாகமத்தையும் பாருங்கள். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று பக்கத்துச் சிலுவைக் கள்ளனுக்கு லூக்காவில் உறுதி சொல்கிற இயேசு, மத்தேயுவில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கூப்பிடுகிறார். அவருக்கே அந்தக் கதறல் வந்திருக்கும்போது, மூச்சு வாங்கிக் கிடக்கிற ஒரு கிழவரிடம் அசையாத நிச்சயத்தைக் கேட்க நாம் யார்?

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. உள்ளே இருந்தவர்களுக்கு எந்தப் பெயரையும் சொல்ல நேரம் கிடைத்திருக்காது, பலருடைய உடலைக்கூட எடுக்க முடியவில்லை. கடைசி வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது என்றால் அவர்கள் கதி என்ன? அப்படிக் கணக்குப் பார்க்கிற கடவுளை நான் கும்பிடவில்லை, பெரியண்ணனும் கும்பிடவில்லை என்றே நம்புகிறேன்.

பெரியண்ணனைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. அப்பா நரகத்துக்குப் போய்விடுவார் என்று மெய்யாகவே பயப்படுகிற மகன் எப்படிச் சும்மா இருப்பான்? பக்கத்தில் உட்காருங்கள், ஜெபியுங்கள், தேவாரம் பாடுங்கள், பதிலை மட்டும் கேட்காதீர்கள்.

பெரியப்பா சாவில் தப்பு மேளம் அடித்தால் வரமாட்டேன் என்று நின்ற பெரியண்ணன், கடைசியில் வந்து தோள் கொடுத்தார். கருமாதிக்கு வரவில்லை. இப்போதும் போன் எடுத்தால் சுற்றிச் சுற்றி அங்கேதான் வருவார், "பாஸ்டர் கேட்டப்ப அப்பா தலையாட்டினார்தானே, நீ பாத்ததானே?" "ஆட்டினார்ண்ணே, பாத்தேன்" என்பேன். சின்னண்ணன் கேட்கும்போதும் அதையேதான் சொல்கிறேன், அவருக்கும்தான் ஆட்டினார்.