முன் ஆக்ஸிலைப் பிரித்தோம்: ஒரு பழைய லேண்ட் குரூசரும் டர்பன் குளிர்காலமும்

முன்சக்கரத்தின் உட்பக்கம், டயரின் சுவரில் கறுப்பாக ஒரு ஈரம். பிரேக் ஆயிலோ என்று விரலில் தொட்டு முகர்ந்தால் கியர் ஆயிலின் கந்தக நெடி. பழைய லேண்ட் குரூசர் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: இந்த வண்டியின் முன் ஆக்ஸில் இரு முனையிலும் உருண்டையாக முடியும். அந்த உருண்டையைக் கவ்விக்கொண்டு ஸ்டீயரிங்கோடு திரும்புவதுதான் நக்கிள். அதற்குள், சக்கரம் திரும்பி நின்றாலும் விசையைக் கடத்தும் சி.வி. ஜாயின்ட் என்ற மூட்டு கிரீஸில் ஊறிக் கிடக்கும். இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃப் (டிஃபரன்ஷியல்). அதில் இருக்கும் எண்ணெய் அந்தப் பக்கம் வராமல் தடுப்பது ஆக்ஸில் குழாயின் வாயில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு ரப்பர் சீல். அது தளர்ந்துவிட்டால் எண்ணெய் நக்கிளுக்குள் புகுந்து கிரீஸைக் கரைக்கும். இரண்டும் கலந்து கேழ்வரகுக் கூழ் பதத்தில் வெளியே வழியும். அப்படியே விட்டால் பிரேக் டிஸ்க்கில் பட்டு, வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

என் வண்டி 1996ஆம் ஆண்டு 80 சீரிஸ், 4.5 லிட்டர் பெட்ரோல். நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் விசை போகும் வகை. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைத் திருகி முன் ஆக்ஸிலுக்கு ஓய்வு கொடுக்க இதில் வழியில்லை. கடைக்குப் பால் வாங்கப் போனாலும் அந்தச் சீல் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். இதற்கு முன் வைத்திருந்தவர் மீன்பிடிப் பிரியர். தென்னாப்பிரிக்காவில் 2002இல் கடற்கரை மணலில் வண்டி ஓட்டுவதைத் தடை செய்த பிறகு, எல்லை தாண்டி மொசாம்பிக் மணலுக்குப் போய் வந்திருக்கிறார். உப்பும் மணலும் எங்கெங்கே போய் ஒளிந்திருக்கும் என்பது பிரித்தால்தான் தெரியும்.

இந்த நாட்டில் சொந்தக் காருக்கு வருடாந்திரச் சோதனை கிடையாது. கைமாறும்போது மட்டும் ரோட்வொர்தி சான்றிதழ் எடுத்தால் போதும். அதன் பிறகு பத்து வருடம் யாரும் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பார்க்க வேண்டியது நாம்தான்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். தொகை கனமாக இருந்தது. அதைவிட உறுத்தியது, "சீல் ஏன் போச்சு?" என்ற கேள்விக்கு வந்த பதில்: "பழைய வண்டி சார், போகத்தான் செய்யும்." இருக்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் சீலை மட்டும் மாற்றினால் புதுச் சீலும் அதே வழியில்தான் போகும். சரி, வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஜூலை மாதம் டர்பனில் மழை அதிகம் இருக்காது, வெயிலும் உறைக்காது. திறந்த வெளியில் பேரிங்குக்குக் கிரீஸ் வைக்க இதைவிட நல்ல காலம் கிடையாது.

துணைக்கு வந்தவர் பக்கத்து வீட்டு அங்கிள். பிராஸ்பெக்டனில் இருக்கும் டொயோட்டா ஆலையில் ஹைலக்ஸ் வரிசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான். என்னிடம் மட்டும், பாட்டியிடம் கேட்டு வளர்ந்த வட ஆற்காட்டுத் தமிழை எடுப்பார். அதில் பாதி ஸ்பானர் பெயர்களாக இருக்கும்.

பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை. முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தோம். (ஜாக்கை மட்டும் நம்பி உடம்பை வண்டிக்கு அடியில் விடாதீர்கள். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை.) சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசாக ஆட்டம் இருந்தது. மகளை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் சக்கர பேரிங் லூஸ். பிடித்த பிறகும் ஆடினால் நக்கிள் பேரிங் போய்விட்டது. எங்களுக்கு இடப்பக்கம் நின்றது, வலப்பக்கம் நிற்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் முழுக் கிட்டாக வாங்கிவிட்டேன்: உள் சீல், நக்கிளின் பின்பக்கம் வரும் ஃபெல்ட் என்ற கம்பளி வளையமும் ரப்பரும், நக்கிள் பேரிங், சக்கர பேரிங், ஹப் சீல், கேஸ்கட், பூட்டு வாஷர். சீல் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பெயர் தெரியாத மலிவுச் சீலைப் போட்டுவிட்டு மறுபடி இவ்வளவையும் பிரிப்பது வீண் வேலை.

வலப்பக்கத்தில் ஆரம்பித்தோம். டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, அதைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டேன். பிரேக் ஹோஸில் பாரம் விழக் கூடாது. அடுத்து ஹப்பின் முகத்தில் மூடி போல இருக்கும் ஃபிளாஞ்ச். ஆறு நட்டு, ஒவ்வொன்றுக்கும் அடியில் கூம்பு வடிவ வாஷர். நட்டு சுலபமாக வந்துவிடும், வாஷர் வராது. இத்தனை வருடம் இறுகிக் கிடந்தது வருமா? கையில் இருந்த இரும்புச் சுத்தியலை அங்கிள் வாங்கி ஓரமாக வைத்தார்.

"பித்தளைதான் தம்பி. நட்டை முழுசா எடுக்காதே, ஸ்டட் நுனியில நிக்கட்டும். இல்லேன்னா மரை கெட்டுப்போகும்."

பித்தளைக் கம்பியை ஸ்டட்டின், அதாவது நட்டு ஏறும் மரையாணியின், நுனியில் வைத்து ஒரே அடி, பட்டென்று. தயங்கித் தயங்கித் தட்டினால் அசையாது. நல்ல அடி ஒன்று விழுந்ததும் வாஷர் 'டிக்' என்று எழும்பியது. ஒன்று மட்டும் அடம் பிடித்தது. அதற்கு ஊடுருவும் எண்ணெய் தெளித்து, தேநீர் குடித்துவிட்டு வந்து அடித்தபோது விழுந்தது.

ஆக்ஸில் நுனியில் இருக்கும் ஸ்னாப் ரிங்கை எடுத்த பிறகு பெரிய நட்டு தெரியும். அதற்கு 54 மி.மீ. சாக்கெட் வேண்டும். உளியை வைத்துத் தட்டிக் கழற்றுகிறவர்கள் உண்டு. அப்படிக் கழற்றலாம், ஆனால் திரும்ப மாட்டும்போது சரியான இறுக்கம் எப்படித் தெரியும்? சாக்கெட் வாங்கிவிடுவது மேல். ஹப்பும் டிஸ்க்கும் சேர்ந்து வெளியே வந்தால் கனமாக இருக்கும். அதற்குப் பின்னால், ஹப் சுற்றுவதற்கான குழாய் வடிவ ஸ்பிண்டில், எட்டு போல்ட். ரப்பர் சுத்தியால் சுற்றிலும் தட்டித் தளர்த்தி இழுத்ததும் அந்தக் கூழ் கொட்டியது. தரைக்கு அட்டைப் பெட்டி விரித்திருந்ததால் வீட்டில் பேச்சு வாங்கவில்லை.

ஆக்ஸில் ஷாஃப்ட் நினைத்த மாதிரி நேராக வந்துவிடாது. வெளி முனையில் தட்டையாகச் சீவிய பகுதி ஒன்று மேல்நோக்கி இருக்கும்படி திருப்பினால்தான் சி.வி. ஜாயின்ட் அந்த வாய் வழியே வெளியேறும். வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவியதும் விஷயம் புரிய ஆரம்பித்தது. ஷாஃப்ட்டில் சீல் உட்காரும் இடத்தில் கோடு விழவில்லை. அது நல்ல செய்தி. பழைய சீலை நெம்பி எடுத்து வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தால் உதடு ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தது. சீல் வெறும் வயதால் போயிருந்தால் சுற்றிலும் ஒரே மாதிரி கெட்டியாகிக் கிடந்திருக்கும். ஸ்பிண்டிலுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஷாஃப்ட்டைத் தாங்கும் வெண்கல புஷ் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. ஷாஃப்ட் சுற்றும்போது ஆடியிருக்கிறது, சீலின் ஒரு பக்கத்தையே அழுத்தியிருக்கிறது. கிட்டில் அந்த புஷ் வராது, தனியாக வாங்க வேண்டும். புஷ்ஷை மாற்றாமல் சீலை மாற்றுவதில் அர்த்தமே இல்லை.

நக்கிளைக் கழற்றும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். பேரிங்கின் அழுத்தத்தை ஷிம் என்ற மெல்லிய தகடுகள்தான் தீர்மானிக்கின்றன. எந்த இடத்திலிருந்து எத்தனை வந்தது என்று எழுதி, தனித்தனிப் பையில் போட்டு, பையிலும் 'வலது மேல்', 'வலது கீழ்' என்று எழுதினேன். மேஜையில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டால் பிறகு அளந்து அளந்து சோர்ந்துபோவோம். பழைய பேரிங்கின் வெளி வளையத்தில் சிறு சிறு பள்ளங்கள் வரிசையாக இருந்தன. நகத்தால் தடவினாலே தட்டுப்பட்டது. நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டு நிற்பது போலத் தோன்றியதற்கு இதுதான் காரணம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆடி மாதம். கோயிலில் கூழ் ஊற்றிவிட்டு அங்கிளின் மனைவி ஒரு தூக்குவாளியோடு வந்தார். இங்கே கூழுக்கு மக்காச்சோள மாவு, மோர் ஊற்றி லேசான புளிப்போடு இருக்கும். தரையில் வழிந்து கிடந்ததையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கையைக் கழுவிட்டுக் குடிங்க ரெண்டு பேரும்" என்றார். கையுறை போட்டிருந்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. குடித்தோம்.

மாட்டுவதில் நான் ரசித்த இடம் நக்கிள் பேரிங்கின் இறுக்கம் பார்ப்பது. சீல் எதுவும் போடாமல் நக்கிளை மட்டும் பொருத்தி, அதிலிருந்து நீளும் கரத்தில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுக்க வேண்டும். நக்கிள் நகர ஆரம்பிக்கும் கணத்தில் தராசு காட்டும் அளவு மேனுவலில் கொடுத்த எல்லைக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் ஷிம்மை எடுக்க வேண்டும், கூடினால் சேர்க்க வேண்டும். அங்கிள் வீட்டிலிருந்து மீன் தராசைக் கொண்டுவந்தார், ஷாட் என்று இங்கே சொல்லும் கடல் மீனை நிறுக்க வைத்திருந்தது. கொக்கியில் இன்னும் செதில் ஒட்டியிருந்தது. பழைய ஷிம்களோடு புது பேரிங் போட்டபோது கொஞ்சம் இறுக்கமாகவே காட்டியது. எல்லைக்குள்தான் இருந்தது, அப்படியே விட்டோம்.

உள் சீலை அடித்து இறக்கும்போது கோணக் கூடாது. பழைய பேரிங் வளையத்தை அதன் மேல் வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினால் மட்டமாக உட்காரும். உதட்டில் கிரீஸ் தடவினேன். அடுத்ததுதான் முக்கியம். ஷாஃப்ட்டை உள்ளே விடும்போது அதன் பாரம் சீலின் மேல் சாயவே கூடாது, நுனியில் இருக்கும் பல்வரிசை ரப்பரைக் கீறிவிடும். அங்கிள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "தூக்கிப் பிடி, தூக்கிப் பிடி, இப்ப போ" என்று சொல்லச் சொல்ல, இரண்டு கையாலும் தாங்கி அங்குலம் அங்குலமாக உள்ளே விட்டேன். டிஃப்பின் பல்லில் சிக்கியதும் லேசாகத் திருப்பினால் 'டக்' என்று போய் உட்காரும். நக்கிளுக்குள் மாலிப்டினம் கிரீஸ், முக்கால் பங்கு. சக்கர பேரிங்குக்குச் சாதாரண லித்தியம் கிரீஸ். உள்ளங்கையில் வைத்து, மறுபுறம் எட்டிப் பார்க்கும் வரை அழுத்தி ஏற்ற வேண்டும். பெரிய நட்டை இறுக்கி, ஹப்பை இரு திசையிலும் சுற்றி, தளர்த்தி, மறுபடி இறுக்கி, அதே மீன் தராசால் சரிபார்த்துவிட்டு வாஷரின் காதை மடக்கினோம்.

இடப்பக்கம் சீக்கிரம் முடிந்தது. அங்கே புஷ் பரவாயில்லை, ஆனாலும் மாற்றினோம். ஆனால் ஒன்று இடித்தது. புஷ் நன்றாக இருந்த அந்தப் பக்கமும் லேசாகக் கசிந்திருந்ததே, அதற்கு என்ன காரணம்?

காரணம் பிரீதர். ஓடும்போது டிஃப் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேற ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள். அது அடைத்துப்போனால் காற்று சீலைத்தான் தள்ளும், எண்ணெயும் கூடவே வரும். சூடான ஆக்ஸிலோடு ஓடைத் தண்ணீரில் இறங்கினால் நேர் எதிர்: காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். கழற்றி ஊதிப் பார்த்தேன், கன்னம் வலித்ததுதான் மிச்சம். உள்ளே மணலும் துருவும் கெட்டியாகி ஒரே கட்டியாக இருந்தது. மொசாம்பிக் மணல் அங்கேதான் இருந்திருக்கிறது. புதிய குழாயை எஞ்சின் அறையின் மேற்பகுதி வரை கொண்டுபோய், நுனியில் சின்ன பெட்ரோல் ஃபில்டர் மாட்டிவிட்டேன். மொத்த வேலையில் மிக மலிவானது இதுதான். இதைச் செய்யாமல் விட்டிருந்தால் மற்றதெல்லாம் வீண். உங்கள் வண்டியில் சீல் கசிந்தால் ஸ்பானரை எடுப்பதற்கு முன் பிரீதரை ஊதிப் பாருங்கள்.

டிஃப்புக்குப் புது 80டபிள்யூ-90 எண்ணெய். பழையதை வடிக்கும் முன், எண்ணெய் ஊற்றும் மேல் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் கீழ் போல்ட்டைத் திறக்க வேண்டும். இருந்ததை வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். கழிவு எண்ணெயைச் சாக்கடையில் விடாமல் கேனில் சேர்த்து வையுங்கள். இங்கே பழைய எண்ணெயைத் திரட்ட ரோஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பே இருக்கிறது.

சில நாள் ஊருக்குள் ஓட்டிவிட்டு, சக்கர நட்டுகளையும் நக்கிள் நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்த பிறகு அண்டர்பெர்க் வழியாக சானி பாஸுக்குப் போனோம். 2,870 மீட்டருக்கு மேல் ஏறி லெசோத்தோவுக்குள் போகும் மலைப்பாதை. தென்னாப்பிரிக்கச் சோதனைச் சாவடியில் நான்கு சக்கர விசை இல்லாத வண்டியை மேலே விட மாட்டார்கள். வழியில் நிறுத்தும்போதெல்லாம் இறங்கி நான்கு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். முன்னிரண்டும் ஒரே சூடு, கை வைக்க முடிகிற அளவுதான். "கோயில் தூணைத் தொட்டுக் கும்பிடற மாதிரி இருக்குங்க" என்றாள் மனைவி. ஸ்டீயரிங் நடுவில் ஒட்டவில்லை.

வீட்டுக்கு வந்து மேல் போல்ட்டைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தேன். எண்ணெய் விளிம்பு வரை இருந்தது, தண்ணீர் கலந்து வெளுக்கவில்லை. நக்கிள் உருண்டையின் மேல் மெல்லியதாகக் கிரீஸ் படலம். அது இருக்க வேண்டியதுதான், ஃபெல்ட் துடைத்து விட்டுப்போவது. இடப்பக்க ஸ்டீயரிங் ராடின் முனையில் ரப்பர் உறை கிழிந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். ஆட்டம் இன்னும் வரவில்லை. பாகத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.