ஊசிக்கு முன்னால்

கேஷுவால்டியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே தெரியும்: "டாக்டர், ஊசி போட்டாச்சா?" உள்ளே நாங்கள் ஆள் மாற்றி ஆள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருப்போம், வெளியே நிற்கும் மகனோ மச்சானோ கேட்பது ஊசியைப் பற்றித்தான். போடத்தான் செய்கிறோம். இதயம் நின்றவருக்கு 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் அட்ரினலின் (இதயத்தைத் தூண்டும் மருந்து), பல பத்தாண்டுகளாக இதுதான் வழக்கம்.

அந்த ஊசியால் உண்மையில் எவ்வளவு பயன் என்று பிரிட்டனில் ஐந்து ஆம்புலன்ஸ் சேவைகள் சேர்ந்து பெரிய அளவில் சோதித்துப் பார்த்தன. பாராமெடிக்-2 என்று பெயர். 8,000க்கும் மேற்பட்ட நோயாளிகள், பாதிப் பேருக்கு அட்ரினலின், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர், எந்த ஊசியில் எது இருக்கிறதென்று போடுபவருக்கே தெரியாது. நினைவில்லாமல் கிடப்பவரிடம் முன்கூட்டிச் சம்மதம் கேட்க வழியில்லை என்பதால் இது சரியா என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. சரிதான் என்பது என் எண்ணம். தெரியாமலே காலம் முழுக்கப் போட்டுக்கொண்டிருப்பது அதைவிட மோசம்.

2018-ல் முடிவு வந்தது. அட்ரினலின் போட்டவர்களில் 36 சதவீதம் பேருக்கு இதயம் மறுபடி துடித்தது, உப்புநீர் போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அட்ரினலின் பக்கம் 3.2 சதவீதம், உப்புநீர் பக்கம் 2.4 சதவீதம், அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம் மனதை உறுத்துகிற கணக்கு ஒன்று: பிழைத்தவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அட்ரினலின் பக்கம் 31 சதவீதம், உப்புநீர் பக்கம் 18.

இதைப் படித்த பிறகு குடும்பத்தாரிடம் நான் பேசும் விதம் மாறிவிட்டது. மானிட்டரில் துடிப்பு வந்ததும் "காப்பாத்திட்டோம்" என்று சொல்வதில்லை. "இதயம் துடிக்குதும்மா, மூளை எப்படி இருக்குன்னு சொல்ல குறைஞ்சது மூணு நாளாவது ஆகும்" என்று உட்கார வைத்துச் சொல்கிறேன். கேட்பவர்களுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சோதனை முடிவு வெளியான கட்டுரையிலேயே இன்னொரு ஒப்பீடும் உண்டு. அட்ரினலினால் ஒருவர் கூடுதலாகப் பிழைக்க 112 பேருக்கு அதைப் போட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் நெஞ்சை அழுத்தினால் 15 பேருக்கு ஒருவர், இதயம் நின்றதைச் சீக்கிரம் கண்டுகொண்டால் 11 பேருக்கு ஒருவர், சீக்கிரமே ஷாக் கொடுத்தால் 5 பேருக்கு ஒருவர். நெஞ்சை அழுத்துவதும் சீக்கிரம் கண்டுகொள்வதும் வீட்டிலேயே, நாங்கள் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே நடக்க வேண்டியவை.

நம் ஊரில் தடுக்கி விழுவது அந்தக் கண்டுகொள்வதில்தான். "மூச்சு இருந்துச்சு சார், விட்டு விட்டு இழுத்துக்கிட்டுத்தான் இருந்தாரு, அதான் தண்ணி தெளிச்சுப் பார்த்தோம்" என்பார்கள். அது மூச்சே இல்லை, இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் வரும் வெறும் இழுப்பு. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சரியில்லை என்றால் அப்போதே 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து 5 சென்டிமீட்டராவது இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள், ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே வரட்டும். விலா எலும்பு உடைந்துவிடுமோ என்று பயந்து கையை எடுக்காதீர்கள், உடைந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.