பிரிட்டன் ரயிலில் நேரத்துக்குத்தான் விலை

கிருஷ்ணகிரிக்காரர் ரயில் ஏற வேண்டுமென்றால் ஓசூருக்கோ தருமபுரிக்கோ ஜோலார்பேட்டைக்கோ பஸ் பிடிக்க வேண்டும். மாவட்டத் தலைநகரிலேயே ஸ்டேஷன் இல்லை. இங்கிருந்து மேற்படிப்புக்கு பிரிட்டன் போகும் பிள்ளைகள், ரயிலைக் கண்டுபிடித்த நாடாச்சே என்று நம்பிப் போய், முதல் டிக்கெட் விலையைப் பார்த்ததும் மிரண்டுபோகிறார்கள். கட்டணம் அதிகம்தான். ஆனால் விதி தெரியாததால் கொடுக்கும் காசு அதைவிட அதிகம்.

தருமபுரியிலிருந்து ஸ்லீப்பரில் 60 நாள் முன்னால் போட்டாலும் நேற்றுப் போட்டாலும், தட்கலை விட்டுவிட்டால், ஒரே கட்டணம். அங்கே அப்படி இல்லை, டிக்கெட்டில் முக்கியமாக மூன்று வகை. எனிடைம் எந்த நேரமும் செல்லும், விலை உச்சம். ஆஃப்-பீக் நெரிசல் இல்லாத நேரத்துக்கு மட்டும். அந்த நேரம் எது என்பது தடத்துக்குத் தடம் மாறும். அட்வான்ஸ் குறிப்பிட்ட ஒரே ரயிலுக்கு. பெரும்பாலும் 12 வாரம் முன்பே விற்பனைக்கு வரும், மலிவான கோட்டா தீரத் தீர விலை ஏறும். ஆஃப்-பீக்கில் பல தடங்களில் போய்வரும் டிக்கெட் ஒருவழியைவிட ஒரு பவுண்டுதான் கூடுதல் என்பதால், ஒருவழி போடும் முன் அதையும் பார்க்க வேண்டும். சில ஆப்கள் புக்கிங் கட்டணம் பிடிக்கும். ரயில் கம்பெனிகளின் சொந்தத் தளங்களில் அது இல்லை.

அட்வான்ஸ் டிக்கெட்டில் இடையில் இறங்கக் கூடாது, பணமும் திரும்ப வராது. புறப்படும் முன் வேறு ரயிலுக்கு மாற்றலாம், அதற்கும் கட்டணம் உண்டு. முதல் ரயில் தாமதமாகி அடுத்த ரயில் தவறிப்போனால் மட்டும் அதே டிக்கெட்டில் அதற்கடுத்ததில் ஏறலாம்.

இருக்கை விஷயம்தான் நம்மவர்களை அதிகம் எரிச்சலூட்டுவது. எனிடைம், ஆஃப்-பீக் டிக்கெட் பயணம் செய்யும் உரிமை மட்டுமே, உட்காரும் உரிமை அல்ல. விமானக் கட்டணம் கொடுத்து அன்ரிசர்வ்டில் நிற்பது போலத்தான். ரிசர்வேஷன் உள்ள ரயில் என்றால் டிக்கெட் போடும்போதே இருக்கையையும் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

16 முதல் 25 வயதினருக்கான தள்ளுபடி அட்டையான 16-25 ரயில்கார்டு ஆண்டுக்கு 35 பவுண்டு, மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. 26 வயதோ அதற்கு மேலோ ஆன முழுநேர மாணவரும் பல்கலைக்கழகச் சான்றுடன் வாங்கலாம். சிக்கல் காலையில்: திங்கள் முதல் வெள்ளி வரை 4.30 முதல் 10 மணிக்குள் பயணமென்றால் தள்ளுபடிக்குப் பின்னும் குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு. ஜூலை, ஆகஸ்டில் இது இல்லை. அட்வான்ஸ் டிக்கெட்டுக்கும் இல்லை. பத்து மணிக்கு மேல் போக வாங்கிய தள்ளுபடி டிக்கெட்டில் எட்டு மணி ரயில் ஏறி மாட்டிக்கொள்ளும் மாணவர்கள் உண்டு. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் இங்கிலாந்தில் அபராதம் 100 பவுண்டு, அதோடு ஒருவழிக் கட்டணம். 21 நாளுக்குள் கட்டினால் 50 ஆகக் குறையும்.

காசு மிச்சமாக, ஒரே பயணத்தை நடுவில் ஒரு ஸ்டேஷனில் உடைத்து இரண்டு டிக்கெட்டாக வாங்குவது சட்டப்படி சரி. லண்டன்-பிரிஸ்டலுக்கு வழியிலுள்ள டிட்காட் பார்க்வே ஸ்டேஷனில் உடைப்பது பழைய வித்தை. காலையில் டிட்காட் வரை மட்டும் நெரிசல் நேரக் கட்டணம் கொடுத்தால் போதும், அதன்பின் ஆஃப்-பீக் தொடங்கிவிடும். ரயில் மாற வேண்டாம், ஆனால் உடைக்கும் ஸ்டேஷனில் அந்த ரயில் நின்றே ஆக வேண்டும்.

1990களில் தனியாருக்குப் போன சேவைகளை அரசு இப்போது திரும்ப எடுத்து வருகிறது. அதற்கான புதிய சட்டத்தின்படி 2025 மே மாதம் முதலில் வந்தது சவுத் வெஸ்டர்ன் ரயில்வே. (தருமபுரி ஸ்டேஷனும் தென்மேற்கு ரயில்வேதான், அது வேறு!) இங்கிலாந்தில் 2025 மார்ச்சில் 4.6 சதவீதம் ஏறிய அரசுக் கட்டுப்பாட்டுக் கட்டணங்கள் 2027 மார்ச் வரை ஏறாது. அட்வான்ஸ் விலை அந்தக் கட்டுப்பாட்டில் வராது.

தாமதத்துக்குப் பணம் கேட்க வெட்கப்பட வேண்டாம். 'டிலே ரீபே' திட்டத்தில் பெரும்பாலான கம்பெனிகள் 15 நிமிடத்துக்கு ஒருவழிக் கட்டணத்தில் 25 சதவீதம், 30 நிமிடத்துக்கு 50, ஒரு மணி நேரத்துக்கு முழுதும் தருகின்றன. மலிவான அட்வான்ஸுக்கும் இது பொருந்தும். 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட் விற்ற ஆப்பிடம் கேட்டால் வராது, தாமதப்படுத்திய ரயில் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். காகித டிக்கெட் என்றால் வெளியேறும் கேட் அதை விழுங்கிவிடும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.