சேலத்திலிருந்து ரெகாட்டாவுக்கு: க்ரூ கிடைத்த கதை

சேலத்தில் கடல் இல்லை. பாய்மரப் படகுப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறேன் என்று வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "எங்கடா, மூக்கனேரியிலயா?"

இல்லை, சென்னைத் துறைமுகத்தில். வார நாளில் இங்கே வேலை. வெள்ளி ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ், விடியுமுன் சென்ட்ரல், ஞாயிறு ராத்திரி திரும்பி வருவது. இப்படி ஏழு மாதம் அலைந்து கற்றுக்கொண்டு முதல் ரெகாட்டாவை, அதாவது பல ரேஸ் சேர்ந்த படகுப் போட்டியை, முடித்திருக்கிறேன். கடலோரம் இல்லாத ஊரில் இதே ஆசையோடு இருப்பவர்களுக்கு என் தப்புகளாவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் ஓட்டியது எண்டர்பிரைஸ். 1956-ல் ஜாக் ஹோல்ட் வடிவமைத்த இரண்டு பேர் படகு. நீளம் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. மெயின் என்ற பெரிய பாய், ஜிப் என்ற முன்பாய் என்று இரண்டே பாய், அதுவும் வழக்கமாக நீல நிறம். இது ஒன்-டிசைன் படகு. அதைப் பரீட்சை எழுதியவர்களுக்குச் சொல்வதானால், எல்லாருக்கும் ஒரே வினாத்தாள். உடல், எடை, பாயின் அளவு எல்லாம் அந்தப் படகு வகுப்பின் விதிக்குள் அடங்கியாக வேண்டும். பணத்தைக் கொட்டி வேகமான படகு வாங்கிவிட முடியாது. அப்புறம் வித்தியாசம் எங்கேதான் வருகிறது? படகின் அடியில் ஒட்டியிருக்கும் அழுக்கில், கயிற்றை இழுத்துப் பூட்டும் இடத்தில், ஜிப் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஆளில், அதாவது க்ரூவில். மூன்றாவது எனக்கு உறைக்கவே நாலு மாதம் ஆயிற்று.

முதலில் சேர்த்துக்கொண்டது ஜிம் நண்பனை. நல்ல உடம்பு, நல்ல நீச்சல். காற்று ஏறும்போது படகு சாயாமல் வெளியே தொங்கிப் பிடிக்க எடை வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு டேக் (படகின் மூக்கைக் காற்றுக்குக் குறுக்கே திருப்புவது) முடிந்ததும் "யார் தப்பு?" என்று ஆரம்பித்துவிடுவான். அதற்குள் அடுத்த காற்று வந்து போயிருக்கும். மூன்றாவது வாரம் சேலம் ஜங்ஷனில் நான் இரண்டு டிக்கெட்டோடு நிற்கிறேன், வண்டி வந்துவிட்டது, போனில் "தூங்கிட்டேன் மச்சி". க்ரூ தேடுகிறவர்கள் பலத்தை அப்புறம் பாருங்கள், ஆள் ரயிலுக்கு வருவானா என்பதை முதலில் பாருங்கள். சென்னையில் வளர்ந்த கே.சி. கணபதி, வருண் தக்கர் ஜோடி 2018 ஆசிய விளையாட்டில் ஃபார்ட்டிநைனர் என்ற இரண்டு பேர் படகு வகுப்பில் வெண்கலம் வாங்கியது. டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனதும் அதே ஜோடிதான். ஆளை மாற்றாமல் இருப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. எனக்கு வேறு வழியில்லை, மாற்றினேன்.

வந்து சேர்ந்தவன் என் சித்தி பையன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. வயது 22, எடை 58 கிலோ. கடலைப் பார்த்ததே இரண்டு தடவைதான். நீச்சல் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் போலக் கிணற்றில், முதுகில் கேன் கட்டிக் கற்றது. கிணற்று நீச்சலை நம்பிக் கடலில் இறக்கிவிடக் கூடாது. லைஃப் ஜாக்கெட்டோடு குதிக்கவிட்டோம், பிறகு பயிற்சியாளர் முன்னால் வேண்டுமென்றே ஆறு தடவை படகைக் கவிழ்த்தோம். தலைக்கு மேல் பாய் மூடிக்கொண்டால் பதறக் கூடாது. கையால் பாயை மேலே தள்ளினால் மூச்சுவிட இடம் கிடைக்கும், தையலைப் பிடித்துக்கொண்டே போனால் ஓரம் வந்துவிடும். படகை நிமிர்த்துமுன் பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிறுகளை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் நிமிர்ந்த கையோடு மறுபக்கம் கவிழும். எங்களுக்கு இரண்டு தடவை கவிழ்ந்தது.

கடல் இல்லாத நாட்களில் என்ன செய்வது? ஞாயிறு சென்னை போகாத வாரம் ஏற்காடு ஏறுவோம். பெடல் படகில் போகிறவர்களுக்கு நடுவே ஏரிக்கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பதுதான் பாடம். காற்று விழுகிற இடத்தில் தண்ணீர் சட்டென்று கறுத்துச் சுருங்கும். அந்தக் கறுப்பு நம்மிடம் வர எத்தனை எண்ண வேண்டும் என்று அவன் சொல்ல வேண்டும். "வருதுண்ணா, எட்டு... ஏழு..." மலை ஏரியில் காற்று ஒரே திசையில் நிற்காது, மரத்துக்குப் பின்னாலிருந்து திரும்பித் திரும்பி வரும். அதுவே நல்லதாகப் போயிற்று. மூன்றாவது ஞாயிறு அவன் எட்டு என்றால் எட்டில் என் சட்டை ஆடியது. பக்கத்தில் சோளம் தின்றுகொண்டிருந்த குடும்பம் எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

விதிப் புத்தகம் தனிக் கதை. உலகப் பாய்மரப் படகு அமைப்பான வேர்ல்டு செய்லிங் நாலு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது, இப்போது நடப்பில் இருப்பது 2025–2028. முழுதும் மனப்பாடம் செய்ய உட்கார்ந்து நான் ஒரு மாதத்தை வீணாக்கினேன். முதல் போட்டிக்கு விதி எண் 10 முதல் 14 வரை, மிதவையைச் சுற்றும்போது 18, தப்பு செய்தால் 44, இவை கையில் இருந்தால் போதும். படித்தது தட்டுவடை செட் கடை மேஜையில். இரண்டு தட்டுவடை, இரண்டு படகு. வட்டமாக இருப்பதால் முன்பக்கம் எது என்று தெரியாது, ஆளுக்கொரு வெங்காயத் துண்டை மூக்காக வைத்தோம். காற்று வலப்பக்கத்திலிருந்து வந்தால் ஸ்டார்போர்டு டேக், இடமிருந்து வந்தால் போர்ட், போர்ட்தான் ஒதுங்க வேண்டும். இரண்டும் ஒரே டேக்கில் பக்கம் பக்கமாகப் போனால் காற்றுப் பக்கம் இருப்பவன் ஒதுங்க வேண்டும். ஒதுங்காத படகைத் தம்பி தின்றுவிடுவான். மறக்கவே இல்லை.

படகு எங்களுடையதில்லை, கிளப் படகு. கேட்டு, அனுமதி வாங்கித்தான் கை வைத்தோம். அங்கே பட்டறைக்காரன் யார் என்று தெரிந்தது. சுக்கான் பலகையின் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டினான். நான் வழவழப்பு என்று நினைத்திருந்த இடத்தில் மூன்று பள்ளம் கண்டுபிடித்தான். அடைத்து, 800 நம்பர், பிறகு 1200 நம்பர் தண்ணீர்ப் பேப்பரில் முன்னிருந்து பின்னாகத் தேய்த்தான். கொலுசுக்குச் சலங்கை கோர்க்கிற வளையம் மாதிரி பாய்மரத்துக் கம்பிகளில் குட்டி வளையங்கள் இருக்கும். எது கழன்றாலும் மரமே விழும். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, ஜிப் கயிறு மாட்டாதபடி எலக்ட்ரிக் டேப் சுற்றினான். ஷீட் கயிற்றில் நல்ல இழுப்பு கிடைத்த இடத்தில் மார்க்கரால் கோடு போட்டோம். காற்றோட்டம் கண்ணுக்குத் தெரிய ஜிப்பில் கம்பளி நூல் புதிதாக ஒட்டினோம்.

ஒன்றை மட்டும் நான் கெடுத்தேன். சுக்கான் மேலே கழன்று வராமல் பிடிக்கிற சின்னத் தகட்டுக் கொக்கி வளைந்திருந்தது. "இது எதுக்குண்ணா?" என்றான். "அது ஒண்ணுமில்ல, விடு" என்றேன். போட்டிக்கு முந்தின நாள் பயிற்சியில் கவிழ்ந்தோம். நிமிர்த்திப் பார்த்தால் டில்லர் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) கையில் வரவில்லை, சுக்கான் இருபதடி தள்ளி மிதந்துகொண்டிருக்கிறது. பாதுகாப்புப் படகுக்காரர் எடுத்துக் கொடுத்தார். தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் அந்தக் கொக்கியை அவனே மாற்றினான்.

போட்டி நாளில் ஸ்டார்ட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி ஏறும், நாலு இருக்கும்போது P கொடி, ஒன்று இருக்கும்போது அந்த P இறங்கும், பிறகு ஸ்டார்ட். எண்ணுவது க்ரூ வேலை, ஹெல்ம், அதாவது சுக்கான் பிடிக்கிற நான், கடிகாரம் பார்க்கக் கூடாது. இரண்டாவது ரேஸில் ஸ்டார்ட் கோட்டை நேரத்துக்கு முன்பே தாண்டிவிட்டோம். கொம்பு ஒலித்ததும் எல்லாரும் முன்னால் பார்க்க, அவன் மட்டும் திரும்பிக் கமிட்டிப் படகைப் பார்த்தான். "எக்ஸ் கொடிண்ணா, நம்மளாத்தான் இருக்கும்." யாரோ முந்திவிட்டார்கள் என்பதற்கு அந்தக் கொடி. திரும்பிப் போய் மறுபடி கடந்தோம். போகாமல் இருந்திருந்தால் அந்த ரேஸுக்குக் கடைசிக்கும் பின்னால்தான் புள்ளி விழுந்திருக்கும்.

ஐந்து ரேஸ் முடிவில் 14 படகில் ஒன்பதாவது. நல்ல தண்ணீரில் படகைக் கழுவி, பாயைக் காயவைத்து மடித்துக் கொடுத்துவிட்டு வண்டி ஏறினோம். அரக்கோணம் தாண்டியதும் மேல் பெர்த்திலிருந்து தலையை நீட்டினான்.

"அண்ணா, நீங்க 74 கிலோ, நான் 58. வெளிய தொங்கறது கனமான ஆளா இருந்தா நல்லதுன்னு சார் சொன்னாருல்ல? அடுத்த தடவ நான் சுக்கான் பிடிக்கட்டா?"

கணக்கு அவன் பக்கம்தான். இப்போது நான் ஜிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.