பின்மாடிக் கிரில்லின் சாவி யாரிடம்?

2025 பிப்ரவரி 17 அதிகாலை 5:36-க்கு டெல்லி குலுங்கியது. அளவு என்னவோ 4.0 தான். ஆனால் மையம் தௌலா குவான் பக்கத்திலேயே, அதுவும் 5 கிலோமீட்டர் ஆழத்தில் என்பதால் பெரிய சத்தத்தோடு வந்தது. எங்கள் கல்லூரி விடுதிப் பிள்ளைகள் போர்வையோடு முற்றத்தில் நின்றார்கள். யார் வெளியே வந்துவிட்டார்கள், யார் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அதற்கப்புறம்தான் நிர்வாகம் பேரிடர் மேலாண்மைக் குழுவைத் தூசி தட்டி எடுத்து, வேதியியல் துறையிலிருந்து என்னையும் அதில் போட்டது. சட்டென்று தீப்பிடிக்கும் ஈதரும் அசிட்டோனும் என் பொறுப்பில் இருப்பதுதான் என் தகுதி.

ஏற்கெனவே ஒரு திட்டம் ஃபைலில் இருந்தது. அதன்படி தீயைப் பார்க்கிற காவலர் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அவர் கேர்டேக்கரிடம், கேர்டேக்கர் நிர்வாக அதிகாரியிடம், அதிகாரி முதல்வரிடம். முதல்வர் அனுமதித்தால் தீயணைப்பு நிலையத்துக்கு போன். இரவு 2 மணிக்கு இதில் விழித்திருப்பவர் அந்தக் காவலர் ஒருவர்தான்.

எனவே முதலில் பிடிவாதம் பிடித்தது இதற்குத்தான்: பார்த்தவர் முதலில் 112-ஐயோ 101-ஐயோ கூப்பிடட்டும், மேலிடத்துக்கு அப்புறம் சொல்லட்டும். இதில் என்ன சிக்கல் என்று தோன்றும். ஆனால் இந்த ஒரு வரிக்குத்தான் கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடந்தது. பொய் அழைப்பு போனால் கல்லூரி பெயர் பத்திரிகையில் வருமே என்று ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், கூப்பிட வேண்டியவர்களே தயங்கினார்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் சேலத்துக்காரர், இங்கே ஒப்பந்த ஊழியர். அவர்தான் தனியாக வந்து உடைத்துச் சொன்னார்: "மேடம், நான் கூப்பிட்டு, வந்து பார்த்தா ஒண்ணுமில்லேன்னா என் வேலை போயிடும். எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க." அவர் சொன்னது நியாயம். தவறான அழைப்புக்காக யார் மேலும் நடவடிக்கை கிடையாது என்று முதல்வர் கையெழுத்தோடு சுற்றறிக்கை வாங்கி, இந்தியிலும் ஆங்கிலத்திலும் காவலர் அறையில் ஒட்டினோம். அந்தத் தடித்த ஃபைல் முழுவதையும்விட இந்த ஒரு தாள் மேல் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தது பூட்டு. பின்மாடிப் படிக்கட்டின் கீழே ஒரு கிரில் கேட், எப்போதும் பூட்டியே இருக்கும். திருட்டு, வெளியாட்கள் நடமாட்டம், படிக்கட்டில் உட்கார்ந்து பேசும் ஜோடிகள் என்று காரணங்கள் வரிசையாக வந்தன. சாவி யாரிடம் என்றால் மட்டும் ஆளுக்கொரு பெயர். உபகார் தியேட்டர் இதே ஊரில்தானே இருந்தது என்று கேட்டேன். 1997 ஜூன் 13 அன்று அங்கே தீப்பிடித்து 59 பேர் இறந்தது பெரும்பாலும் புகையில் மூச்சு முட்டித்தான். வெளியேறும் வழிகள் அடைபட்டுக் கிடந்தன. 2023-இல் இங்கே முகர்ஜி நகர் பயிற்சி மையத்தில் தீப்பிடித்தபோது மாணவர்கள் ஜன்னல் வழியாகக் கயிற்றைப் பிடித்து இறங்கிய வீடியோவைப் பார்க்காதவர்கள் அந்த அறையில் இல்லை. கடைசியில், உள்ளிருந்து தள்ளினாலே திறந்துகொள்ளும் கம்பி வைத்த கதவு போட ஒப்புக்கொண்டார்கள். திறந்தால் பஸ்ஸர் அடிக்கும், ஆக திருட்டுக் கவலைக்கும் பதில் கிடைத்தது.

பெண்கள் விடுதிதான் இன்னும் மோசம். இரவில் வெளியிலிருந்து பூட்டிவிட்டு, சாவியை வார்டன் தன் அறைக்கு எடுத்துப் போய்விடுவார். பாதுகாப்பாம்! இப்போது பூட்டு உட்பக்கம், சாவி அங்கேயே இரவுப் பணியில் இருக்கும் அம்மாவின் கையில். அதற்குப் பெற்றோர் சிலர் புகார் எழுதியது தனிக் கதை.

தீயணைப்பு சிலிண்டர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பவுடர் சிலிண்டரில் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்பது அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்தாலே தெரியும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள்ளே இருக்காது, எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுடையதை யாரும் எடை போட்டதாகப் பதிவே இல்லை.

மாக் டிரில் நடத்தியபோதுதான் வேடிக்கை. சைரன் அடித்ததும் பாதி வகுப்புகள் மேஜைக்கு அடியில் புகுந்தன, மீதி வெளியே ஓடின. யாரையும் குறை சொல்ல முடியாது. நிலநடுக்கம் என்றால் குலுக்கல் நிற்கும்வரை மேஜைக்கடியில் தலையைக் காத்துக்கொண்டு இருக்க வேண்டும். தீ என்றால் உடனே வெளியேற வேண்டும். இரண்டுக்கும் நாங்கள் அடித்தது ஒரே சைரன். நிலநடுக்கம் தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளும், அதற்குச் சைரன் எதற்கு? எனவே சைரன் கேட்டால் வெளியேறு, தரை ஆடினால் குனிந்து மறை என்று பிரித்துவிட்டோம். வெளியே வந்தவர்கள் கூடியதோ முகப்பின் கண்ணாடிச் சுவருக்கு நேர் கீழே, தீயணைப்பு வண்டி வரவேண்டிய பாதையை மறித்துக்கொண்டு. கூடுமிடத்தைக் கிரிக்கெட் மைதானத்துக்கு மாற்றினோம்.

பார்வையற்ற மாணவர்கள் எங்களிடம் நிறையப் பேர். அவர்களுக்கு ஆளுக்கொரு துணை என்று திட்டம் போட்டிருந்தோம். முதுகலை மாணவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "புகையில உங்களுக்கும் கண்ணு தெரியாது மேடம், படிக்கட்டு எங்களுக்குத்தான் மனப்பாடம்" என்றார். மதுரைக்காரர், குசும்பு அதிகம். இப்போது அவர் தன் மாடியின் பொறுப்பாளர்களில் ஒருவர். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு மட்டும் வகுப்புகளைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவந்தோம், ஏனென்றால் தீயின்போது லிஃப்டைத் தொடவே கூடாது.

தலை எண்ணுவது இன்றும் சரியாக வரவில்லை. காலை வருகைப் பதிவில் இருப்பவர் மதியம் கேன்டீனில் இருப்பார், அல்லது கமலா நகரில் மோமோ தின்றுகொண்டிருப்பார். அந்த நேரம் வகுப்பெடுக்கும் ஆசிரியர் தன் அறையைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, "காலி" என்று மைதானத்தில் வந்து சொல்வதோடு இப்போதைக்கு நிற்கிறோம்.

இதற்கிடையில் காவலர் ஏஜென்சி மாறிவிட்டது. பயிற்சி பெற்ற அத்தனை பேரும் போய்ப் புது முகங்கள் வந்தன. அவர்களுக்கு மறுபடியும் சிலிண்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தோம், சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினோம். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தப் பயிற்சி நடக்க வேண்டும் என்ற நிபந்தனையை அடுத்த டெண்டரில் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். ஃபைல் இப்போது கணக்குப் பிரிவில் இருக்கிறது.