கெடல்ஸ்டன் பயணக் குறிப்புகள்

2024 செப்டம்பர் 13, வெள்ளி

நாளைக் காலை லெஸ்டரிலிருந்து நாங்கள் முப்பத்திரண்டு பேர் ஒரே பேருந்தில், டார்பிக்கு அருகிலுள்ள கெடல்ஸ்டன் மாளிகைக்குப் புறப்படுகிறோம். 1905-இல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்த வைஸ்ராய் கர்சன் பிரபு பிறந்த வீடு அது. அவரை அடக்கம் செய்த தேவாலயமும் மாளிகையை ஒட்டியே நிற்கிறது. புளியோதரை கட்டும் பொறுப்பு என்னுடையது.

செப்டம்பர் 14, சனி

பேருந்து முக்கால் மணி நேரம் தாமதமாக வந்ததால், நண்பகல் நெருங்கும் வேளையில்தான் போய்ச் சேர்ந்தோம்.

கர்சன் பிரபுவின் முன்னோரான நத்தானியல் கர்சன் 1759-இல் தொடங்கிய இந்த மாளிகைக்குக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் கொடுத்த பெருமை அதன் முன்மண்டபத்திலேயே தெரிகிறது. பளிங்கு மண்டபம் என்று பெயர் பெற்றிருந்தாலும், அதைத் தாங்கும் 20 தூண்களும் செந்நிற ரேகைகள் ஓடும் அலபாஸ்டர் கல்லால் ஆனவை. இதே மாளிகையை முன்மாதிரியாகக் கொண்டுதான் கல்கத்தாவின் அரசு மாளிகை 1803-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆகவே 1899-இல் வைஸ்ராயாகச் சென்ற கர்சன், தாம் பிறந்த வீட்டின் சாயலிலேயே அங்கும் குடியேறினார்.

மற்ற அறைகளை விரைவாகவே கடந்தோம். மன்னரின் முடிசூட்டைக் கொண்டாட நடந்த 1903 தில்லி தர்பாரில் கர்சனின் மனைவி மேரி அணிந்த மயில் ஆடையின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்தான் எல்லோருடைய கால்களும் நின்றன. துணியில் மயிற்பீலி வடிவில் பூவேலை செய்தவர்கள் நம் நாட்டுக் கைவினைஞர்கள். ஆடையாகத் தைத்தது பாரிஸின் வொர்த் நிறுவனம். எங்களுடன் வந்த, கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து தரும் அக்கா, கண்ணாடிக்கு மிக அருகில் குனிந்து, உலோக இழையைத் துணியின் மேல் படுக்கவைத்து மெல்லிய நூலால் கட்டியிருக்கும் ஜர்தோசி முறையை எங்களுக்கு விளக்கினார். ஒவ்வொரு பீலியின் கண்ணிலும் பதிந்திருப்பது வண்டின் கடினமான மேற்சிறகு, அதாவது சிறகு ஓடு. ஊரில் தீப்பெட்டிக்குள் வேலமர இலை போட்டு நாங்கள் வளர்த்த பொன்வண்டின் அதே பச்சை! இழைகள் நூறாண்டுகளில் கறுத்துப்போயிருக்க, சிறகோடுகள் மட்டும் மின்னுகின்றன. அவற்றின் நிறம் சாயத்தால் அல்ல, ஓட்டின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது.

பிறகு தேவாலயம். பூங்காவுக்காகக் கிராமத்தையே வேறிடத்துக்கு மாற்றியவர்கள், அனைத்துப் புனிதர் ஆலயத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். அதன் தென்வாசல் நார்மன் காலத்தது. கிழக்கு முகப்பிலுள்ள சூரியக் கடிகாரத்தில் ‘வீ ஷால்’ என்ற இரண்டே சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கடிகாரத்தைக் குறிக்கும் ‘டயல்’ என்ற சொல்லை ‘டை ஆல்’ என்று பிரித்து அவற்றோடு சேர்த்தால், ‘நாம் அனைவரும் இறப்போம்’ என்ற பொருள் வரும். உள்ளே, 1906-இல் 36 வயதில் மறைந்த மேரிக்காகக் கர்சன் எழுப்பிய சிற்றாலயத்தில், வெண்பளிங்கில் இருவரும் அருகருகே படுத்திருக்கிறார்கள். அவர் இறந்ததோ 1925-இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவருடைய உருவம் அங்கே மனைவியின் பக்கத்தில் இடம்பிடித்துவிட்டது. அந்தத் துயரம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

நேற்றுத் திரும்பும் வழியில் பேருந்தில் கர்சனைப் பற்றி எழுந்த விவாதம் இன்னும் மனத்தில் ஓடுகிறது. பழஞ்சின்னங்களைக் காக்க 1904-இல் சட்டம் கொண்டுவந்தவர் அவர் என்று பெரியவர் ஒருவர் எடுத்துரைத்தார். நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் 1899–1900 பெரும்பஞ்சம் முடிந்து மூன்றாண்டுகளுக்குள் நடந்த தர்பார் கொண்டாட்டத்தில் மின்னியது அந்த மயில் ஆடை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்றேன்.

மாலையில் அக்கா தொலைபேசியில் அழைத்து, நான் எடுத்த படங்களை அனுப்பச் சொன்னார். மகளின் முகூர்த்த ரவிக்கையில், சிறகோட்டுக்குப் பதில் பச்சைச் சமிக்கி வைத்து, ஒரே ஒரு மயிற்கண்ணைத் தைத்துப் பார்க்கப்போகிறாராம்.