47 மீட்டர் 20

ஓய்வு பெற்ற அன்று ஆபீஸ் சாமான்களை எல்லாம் ஒப்படைத்துவிட்டேன். சொந்தக் காசில் வாங்கிய 30 மீட்டர் டேப் ஒன்று மட்டும் வீட்டோடு வந்து பரணில் கிடந்தது. 2017 ஜூன், பள்ளிக்கூடம் திறந்த வாரம், எங்கள் தெரு மகளிர் குழுவிலிருந்து நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். இட்லிக்கடை வைத்திருக்கிற அம்மாதான் பேச்சை எடுத்தார்.

"சர்வேயரண்ணா, ஸ்கூலுக்கும் ஒயின்ஷாப்புக்கும் எவ்வளவு தூரம்னு அளந்து மட்டும் குடுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

கடை எங்கள் பக்கம் வந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை பைபாஸ் ஓரத்தில் இருந்தது. தமிழ்நாடு அரசுக்கும் வழக்கறிஞர் கே. பாலுவுக்கும் நடந்த வழக்கில், 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று சொல்லிவிட்டது. சின்ன ஊர்களுக்கு, அதாவது மக்கள்தொகை 20,000 வரை உள்ள இடங்களுக்கு, பிறகு அதை 220 மீட்டராகக் குறைத்தார்கள். 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. நல்ல தீர்ப்புதான், சாலையில் போகிற உயிர்களுக்காக வந்தது. ஆனால் பூட்டிய கடைக்கு மாற்று இடம் தேடினால் நெடுஞ்சாலையை விட்டு எங்கே போவார்கள்? ஊருக்குள்தான். அந்தக் கோடையில் பெண்கள் ஊருக்கு ஊர் மறியல் செய்தது அதனால்தான்.

டேப்பை எடுத்துத் துடைத்தேன். என் வீட்டுக்காரம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை. "ரிட்டயர் ஆனப்புறம் எதுக்குங்க இந்த வம்பு" என்றாள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று காலை ஆறரைக்குப் போனேன். கடை திறப்பது பகல் 12 மணிக்குத்தான் என்றாலும் படிக்கட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கேட்கவேயில்லை, அவராகவே எழுந்து வந்தார்.

அளப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மதுபான சில்லறை விற்பனை விதிகளில் 8-ஆவது விதி: மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கோயிலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். காக்கை பறக்கிற தூரம் கணக்கில்லை, மனுஷன் நடக்கிற வழிதான் கணக்கு. கேரளத்தில் வடக்கு பரவூரில் ஒரு பார் முதலாளி இதை நன்றாகப் புரிந்துகொண்டார். நெடுஞ்சாலைத் தடை வந்ததும் தன் நிலத்துக்குள்ளேயே வளைத்து வளைத்து நடைபாதை போட்டு, வாசலை 500 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்விட்டார். 34 வருஷம் நிலம் அளந்தவன் என்ற முறையில் அவருக்கு ஒரு கும்பிடு.

எங்கள் பள்ளிக்கு இரண்டு கேட். பெரிய கேட் அடுத்த தெருவில் இருக்கிறது. அங்கிருந்து கடை 83 மீட்டர். சத்துணவு அரிசி இறக்குகிற சின்ன கேட் எங்கள் தெருவைப் பார்த்தது. அங்கிருந்து 47 மீட்டர் 20 சென்டிமீட்டர். மூன்று முறை அளந்தேன். சாயங்காலம் நாலே காலுக்குப் பிள்ளைகள் வெளியே வருவதும் அந்தச் சின்ன கேட் வழியாகத்தான். நாங்கள் அளக்கப்போன வாரத்திலேயே பெண் பிள்ளைகள் தெருவைச் சுற்றி, சாக்கடை ஓரமாகப் போக ஆரம்பித்திருந்தார்கள்.

வரைபடம் போட்டு, அளவு குறித்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். ரசீதை இட்லிக்கடை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. என் அளவில் யாரும் குறை சொல்லவில்லை. பெரிய கேட்டா, சின்ன கேட்டா என்று வாதாடத் தயாராக இருந்தேன், அதற்கும் வேலையில்லாமல் போயிற்று. மேற்படி இடம் மாஸ்டர் பிளானில், அதாவது எது குடியிருப்பு, எது வணிகம் என்று ஊரைப் பிரித்துக் காட்டும் திட்டத்தில், வணிகப் பகுதி. எனவே தூர வரம்பு பொருந்தாது என்று ஒரே வரி. அதே 8-ஆவது விதியின் கீழேயே அந்த விலக்கு இருக்கிறது: நகரமைப்பு அதிகாரிகள் வணிகம், தொழில் என்று வகைப்படுத்திய இடங்களுக்கு இந்தத் தூரம் கிடையாது. 50 மீட்டரைப் படித்தவன் அடுத்த வரியைப் படிக்காமல் விட்டுவிட்டேன். அது என் மடத்தனம்.

நகரமைப்புப் பிரிவுக்குப் போய் வரைபடத்தை விரிக்கச் சொன்னேன். குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம். மெயின் ரோட்டின் நீலம் எங்கள் தெருவுக்குள் வளைந்து நுழைந்து, பள்ளிக்கூடத்தின் சின்ன கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இந்தச் சின்னத் தெருவுக்கு எவன் நீலம் அடித்தான் என்று கேட்க வாயெடுத்தேன். அந்த நொடியில் ஞாபகம் வந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் வரைவுத் திட்டத்துக்கு ஆட்சேபணை, ஆலோசனை கேட்டபோது, தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வணிகப் பகுதி ஆக்குங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். கடை கட்ட அப்ரூவல் சுலபம், சென்டுக்கு விலை ஏறும். அரிசிக்கடைக்காரர் கையெழுத்து முதலில். இரண்டாவது என்னுடையது.

இதை மகளிர் குழுவிடம் போய்ச் சொல்ல எனக்கு நாலு நாள் பிடித்தது.

அமெரிக்காவில் பால்டிமோரில் இருக்கும் என் மகளிடம் போனில் புலம்பினேன். அவளுடைய ஊரில் இதை நேர் எதிராகச் செய்திருக்கிறார்கள். 2016 டிசம்பரில் அந்த நகரம் தன் நிலப் பயன்பாட்டுச் சட்டத்தையே திருத்தி எழுதியது. குடியிருப்புப் பகுதிக்குள் பல காலமாக இருந்துவந்த மதுக்கடைகளுக்கு இரண்டு வருஷம் கெடு: வேறு இடம் போ, இல்லை வேறு வியாபாரம் செய். குடியால் வரும் நோயும் அடிதடியும் கடைகள் நெருக்கமாக இருக்கும் தெருக்களில் அதிகம் என்பதுதான் பொதுச் சுகாதாரத்துறை வைத்த வாதம். கடைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்களா என்று மகளிடம் கேட்டேன். "போகாம இருப்பாங்களாப்பா" என்றாள். அங்கே கடை தனியாருடையது, வரைபடம் நகரத்துடையது. இங்கே இரண்டும் அரசாங்கம் என்ற ஒரே வீட்டுக்காரருடையது என்பதை மறந்துவிட்டுத்தான் நான் டேப்போடு போயிருந்தேன்.

நகராட்சி எல்லைக்குள் நெடுஞ்சாலைத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே 2017 ஜூலையில் தெளிவுபடுத்திவிட்டது. கடை பைபாஸுக்கே திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. இங்கே வியாபாரம் நன்றாக இருந்ததோ என்னவோ.

இப்போது எங்கள் ஊருக்குப் புதிய மாஸ்டர் பிளான் வரைவு வெளியாகியிருக்கிறது. ஆட்சேபணைக்குச் சட்டப்படி குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். முதல் வாரமே போய்ப் பார்த்தேன். எங்கள் தெரு இன்னும் நீலம்தான். சர்வே எண், உட்பிரிவு, பள்ளியின் இரண்டு கேட், எல்லாம் குறித்து, பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியைக் குடியிருப்பாக மாற்றக் கோரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை என் கையெழுத்து முதலில். அதற்குக் கீழே முப்பத்தொரு பெண்கள்.

அரிசிக்கடைக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. அவருடைய மனையும் அந்த நீலத்துக்குள்தான் வருகிறது. என்னுடையதும்தான்.